தினமும் ஓட்டும் பிக்-அப்புக்கு ஆல்-டெரெய்ன் டயர்: மழைத் தார்ச்சாலையை வைத்து முடிவு செய்யுங்கள்

கேள்வி: கோவையில் இருக்கிறேன். ஐசுசு டி-மேக்ஸ் வி-க்ராஸ் வைத்திருக்கிறேன். டயர் அளவு 255/60 ஆர்18. தினமும் அலுவலகத்துக்குப் போய்வர நாற்பது, ஐம்பது கிலோமீட்டர். மாதத்தில் ஓரிரு முறை வால்பாறைப் பக்கம் உறவினர் தோட்டத்துக்குப் போவேன். கடைசி சில கிலோமீட்டர் மண்ணும் ஜல்லியும்தான். கம்பெனி டயர் தேய்ந்துவிட்டது. ஆல்-டெரெய்ன் போடலாம் என்று இருக்கிறேன். "இரண்டு சைஸ் பெரிதாகப் போடு, எல்.டி. டயராகப் பார்த்து வாங்கு, பத்து வருடம் கவலை இல்லை" என்கிறார்கள் நண்பர்கள். எதை வாங்குவது?

பதில்:

ஆல்-டெரெய்ன் போடுங்கள்; தாரிலும் மண்ணிலும் ஓடும்படி செய்த டயர் அது, உங்கள் ஓட்டத்துக்குப் பொருந்தும். ஆனால் கம்பெனி கொடுத்த அளவிலேயே போடுங்கள். எல்.டி. (லைட் டிரக் எனப்படும் கனச்சுமை டயர்) வேண்டாம். இருக்கிற மாடல்களுக்குள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது மண்ணில் எது நன்றாக ஏறும் என்று பார்க்காமல், மழையில் நனைந்த தார்ச்சாலையில் எது நன்றாக நிற்கும் என்று பாருங்கள். நண்பர்கள் சொன்னதற்கு இது நேர் எதிராக இருப்பதால் காரணங்களை விரிவாகவே சொல்கிறேன்.

பிக்-அப் என்பது காரும் அல்ல, ஜீப்பும் அல்ல. எஞ்சின், கியர்பாக்ஸ், நான்கு கதவு கேபின் எல்லாம் முன்னால் உட்கார்ந்திருக்கின்றன. பின்னால் இருப்பது வெறும் பெட்டி. அந்தப் பெட்டியில் சுமை ஏற்றினால் தாங்க வேண்டும் என்பதற்காகவே பின்பக்கம் பட்டை ஸ்பிரிங் போட்டிருக்கிறார்கள். அலுவலகத்துக்குப் போகும்போது பெட்டி காலி. அப்போது பின் சக்கரங்கள் மேல் எடை குறைவு, ஸ்பிரிங் விறைப்பு அதிகம், மேடு பள்ளத்தில் பின்பக்கம் துள்ளும். இதோடு, சாதாரணமாக ஓடும் 2எச் (இரு சக்கர இயக்க) நிலையில் வண்டியைத் தள்ளுவதும் அந்தப் பின் சக்கரங்கள்தான். கோடை முழுவதும் தூசியும் எண்ணெயும் படிந்த சாலையில் முதல் மழை பெய்து பத்து நிமிடம் ஆகியிருக்கும்போது, ஒரு ரவுண்டானாவில் திரும்பியபடியே ஆக்ஸிலரேட்டரை அழுத்திப் பாருங்கள். வண்டியின் வால் எந்தப் பக்கம் போகப் பார்க்கிறது என்று உடனே தெரிந்துவிடும்.

"ஃபோர் வீல் டிரைவ் இருக்கிறதே" என்பீர்கள். உங்கள் வண்டியில் இருப்பது பார்ட்-டைம் வகை. முன் அச்சையும் பின் அச்சையும் ஒரே வேகத்தில் பூட்டிவிடும். இரு அச்சும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் டிஃபரன்ஷியல் நடுவில் கிடையாது. திருப்பத்தில் முன் சக்கரமும் பின் சக்கரமும் வெவ்வேறு தூரம் ஓடுகின்றன. மண்ணில் அந்த வித்தியாசத்தை டயர் வழுக்கிச் சரிசெய்துகொள்ளும். பிடிப்புள்ள தாரில் அது முடியாமல் கியர் தொகுதி முறுக்கிக்கொள்ளும். ஆகவே தார்ச்சாலை ஓட்டத்துக்கு 4எச் (நான்கு சக்கர இயக்க) நிலை உதவாது. பிரேக் பிடிப்பதற்கோ எந்த ஃபோர் வீல் டிரைவும் உதவாது. நகரத்து மழையில் உங்களைக் காப்பாற்ற இருப்பது டயரின் ரப்பர் மட்டும்தான். வருடத்தில் உங்கள் வண்டி ஓடும் தூரத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் இந்தச் சாலைதான். அதனால்தான் அதை முதலில் வைக்கிறேன்.

இப்போது ஆல்-டெரெய்ன் டயர் நனைந்த சாலையில் எப்படி நடந்துகொள்கிறது என்று பார்ப்போம். பலரும் இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். சாலையில் தண்ணீர் தேங்கி நிற்கும்போது புது ஆல்-டெரெய்ன் டயர் நன்றாகவே சமாளிக்கும். அதன் பள்ளங்கள் அகலமும் ஆழமும் உள்ளவை, தண்ணீரை வெளியே தள்ள இடம் இருக்கிறது. அது தடுமாறுவது மெல்லிய ஈரப்படலத்தில். பள்ளம் அதிகம் என்றால் தரையைத் தொடும் ரப்பர் குறைவு என்று அர்த்தம். கல்லில் சிதையாமல் இருக்க ரப்பரையும் கொஞ்சம் கெட்டியாக்கியிருப்பார்கள். பள்ளங்களுக்கு இடையில் நிற்கும் உயரமான ரப்பர் பட்டன்கள் பிரேக் பிடிக்கும்போது வளைந்து கொடுக்கின்றன. இந்த மூன்றும் சேர்ந்தால் ஈரத் தாரில் நிற்கும் தூரம் கூடும்.

இதை ஈடுசெய்வது சைப் எனப்படும் மெல்லிய கீறல்கள். ஒவ்வொரு பட்டன் மேலும் பிளேடால் கிழித்ததுபோல் ஓடும். ஈரப்படலத்தை உடைத்து, ரப்பரின் விளிம்பு சாலையைக் கவ்வ இவைதான் வழி செய்கின்றன. கடையில் டயரைத் தரையில் நிறுத்தச் சொல்லி, குனிந்து பாருங்கள். சைப் ஒவ்வொரு பட்டனிலும் இருக்கிறதா, அல்லது நடு வரிசையில் மட்டும்தானா? தோள்பட்டையில் இருக்கும் பெரிய பட்டன்களிலும் உண்டா? ஒரு விசிட்டிங் கார்டின் மூலையை அந்தக் கீறலுக்குள் விட்டுப் பாருங்கள். பள்ளத்தின் அடிவரை ஏறக்குறைய இறங்கினால் நல்லது. பாதி ஆழத்திலேயே முட்டி நின்றால், டயர் பாதி தேய்ந்ததும் அந்தக் கீறல் மறைந்துவிடும். அதன்பின் உங்களிடம் இருப்பது வெறும் கெட்டி ரப்பர் கட்டிகள். முதல் வருடம் மழையில் நன்றாக இருந்த டயர் மூன்றாம் வருடம் வழுக்குகிறது என்று பலர் சொல்வதற்கு இதுவே முக்கியக் காரணம். விளம்பரத் தாளில் இது இருக்காது. கார்டை விட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

இன்னொரு வழியும் உண்டு. ஐரோப்பாவில் விற்கும் டயர்களுக்கு ஈரப்பிடிப்பு எவ்வளவு என்று ஏ முதல் ஈ வரை தர முத்திரை உண்டு. வெளியே எழும் சத்தம் எத்தனை டெசிபல் என்றும் அதில் இருக்கும். நீங்கள் பார்க்கும் அதே மாடல், அதே அளவு அங்கும் விற்பனையில் இருந்தால் அந்த முத்திரையைத் தேடிப் பாருங்கள். இங்கே தயாராகும் டயரில் ரப்பர் கலவை மாறியிருக்கலாம் என்பதால் அதையே வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.

மூன்று சிகர மலையும் பனித்துகளும் பொறித்த முத்திரை சில ஆல்-டெரெய்ன் டயர்களில் இருக்கும். அமெரிக்கர்கள் எழுதும் மதிப்புரைகளில் அதைப் பெரிதாகப் பேசுவார்கள். அங்கே பனிக்காலச் சாலைகளில் அதற்குப் பொருள் உண்டு. அந்த முத்திரைக்கான சோதனை பனியில் டயர் எப்படி உந்திக் கிளம்புகிறது என்பதை அளக்கிறது. ஈரத் தாரில் பிரேக் பிடிப்பதை அளப்பதில்லை. மே மாத வெயிலில் அவிநாசி சாலையில் ஓடும் வண்டிக்கு அந்த முத்திரைக்காகக் கூடுதல் காசு கொடுக்க வேண்டியதில்லை.

சரி, அப்படியென்றால் சாதாரண ஹைவே டயரே போதுமே, ஆல்-டெரெய்ன் எதற்கு? உங்கள் விஷயத்தில் மூன்று காரணங்கள் இருக்கின்றன.

முதலாவது சீமைக் கருவேல முள். தமிழ்நாட்டில் பிக்-அப் ஓட்டுகிறவர்களுக்கு இதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. வேலி ஓரத்தில் வெட்டிப் போட்ட கிளைமேல் ஏறினால், அடுத்த நாள் காலை ஒரு சக்கரம் சப்பையாக நிற்கும். ஹைவே டயரில் புதிதாக இருக்கும்போது ட்ரெட் எனப்படும் மேற்பரப்பு ரப்பரின் பள்ள ஆழம் பெரும்பாலும் 8 மி.மீ. அளவில் இருக்கும், ஆல்-டெரெய்னில் 10 முதல் 12 மி.மீ. வரை. முள்ளுக்கும் உள்ளே இருக்கும் காற்றுக்கும் இடையில் அந்தக் கூடுதல் ரப்பர் நிற்கிறது. பஞ்சர் அடியோடு நின்றுவிடாது, ஆனால் வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

இரண்டாவது, ஜல்லிக் கல். தோட்டப் பாதைகளில் உடைத்த கருங்கல்லைக் கொட்டி வைத்திருப்பார்கள். கூர்மை குறையாத புதுக் கல். அது ட்ரெட்டைச் சிறு சிறு துண்டாகப் பிய்க்கும்; டயரின் பக்கச் சுவரான சைட்வாலைக் கிழித்தால் பஞ்சர் கடையில் ஒட்ட முடியாது, டயரைத் தூக்கிப் போட வேண்டியதுதான். நல்ல ஆல்-டெரெய்னில் பட்டன்கள் தோள்பட்டையைத் தாண்டிப் பக்கவாட்டிலும் சற்று இறங்கி வரும். கல் உரசும் இடத்தில் அந்தத் தடித்த ரப்பர் இருப்பது பெரிய பாதுகாப்பு.

மூன்றாவது, செம்மண் ஏற்றம். காய்ந்திருந்தாலும் லேசாக நனைந்திருந்தாலும் ஆல்-டெரெய்ன் அதில் நன்றாகப் பிடித்து ஏறும். கரிசல் மண் வேறு கதை. உடுமலை, பல்லடம் பக்கத்துக் கரிசல் காட்டில் மழை பெய்த மறுநாள் இறங்கினால், இரண்டு சுற்றுக்குள் பள்ளம் எல்லாம் மண் அப்பி, டயர் வழவழவென்ற உருளையாகிவிடும். ஆல்-டெரெய்ன் அங்கே தோற்கும். சேற்றுக்கென்றே செய்த மட்-டெரெய்ன் டயர் கொஞ்ச தூரம் கூடுதலாகப் போகும், பிறகு அதுவும் நிற்கும். கரிசலில் இறங்குவதற்காக டயர் வாங்காதீர்கள். இரண்டு நாள் காயவிட்டுப் போவதுதான் அந்த மண்ணுக்கு ஏற்ற வழி. மட்-டெரெய்னைத் தினசரி வண்டிக்கு நான் பரிந்துரைக்கவே மாட்டேன். ஈரத் தாரில் மேலே சொன்ன குறைகள் அனைத்தும் அதில் இரட்டிப்பாக இருக்கும், தினமும் காதுக்குள் இரைச்சல் வேறு.

அடுத்து அளவு. இதில்தான் பணமும் நிம்மதியும் வீணாகின்றன, அதனால் கணக்கைப் போட்டே காட்டுகிறேன். 255/60 ஆர்18 என்றால் அகலம் 255 மி.மீ., சைட்வால் உயரம் அதில் 60 சதவீதம், அதாவது 153 மி.மீ., ரிம் 18 அங்குலம், அதாவது 457 மி.மீ. மேலும் கீழுமாக இரண்டு சைட்வாலையும் ரிம்மையும் கூட்டினால் டயரின் மொத்த விட்டம் சுமார் 763 மி.மீ. நண்பர்கள் சொல்வதுபோல் 265/65 ஆர்18 போட்டால் விட்டம் ஏறக்குறைய 802 மி.மீ. ஐந்து சதவீதம் கூடுகிறது. இதனால் தரை இடைவெளி எவ்வளவு உயரும்? வித்தியாசத்தில் பாதி, அதாவது 19 மி.மீ. ஒரு விரல் தடிமன். அதற்குக் கொடுக்கும் விலையைப் பாருங்கள்.

ஸ்பீடோமீட்டர் காட்டும் வேகத்தைவிட வண்டி ஐந்து சதவீதம் வேகமாக ஓடும். கியர் விகிதம் அதே ஐந்து சதவீதம் நீளும். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளில், இரண்டாம் கியரில் எடுத்த திருப்பத்தை முதல் கியரில் எடுக்க வேண்டிவரும். இறங்கும்போது எஞ்சின் பிடித்து நிறுத்தும் வலுவும் அதே அளவு குறையும், பிரேக் கூடுதலாக உழைக்கும். ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பினால் டயர் உள் மட்கார்டிலோ சேஸிஸ் ஓரத்திலோ உரசலாம். கடையில் நேராக நிற்கும்போது உரசாத டயர், ஒரு பக்கச் சக்கரம் குழியில் இறங்கித் திரும்பும்போது உரசும். மைலேஜ் குறைந்துவிட்டது என்று புலம்புகிறவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை: பெரிய டயரில் ஓடோமீட்டரும் ஐந்து சதவீதம் குறைத்தே எண்ணும். உண்மையில் லிட்டருக்கு 12 கொடுக்கும் வண்டி கணக்கில் 11.4 காட்டும். அது போக உண்மையான இழப்பும் உண்டு.

சட்டப் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து வண்டி மாறிப்போகும்படி மாற்றம் செய்வதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது. உங்கள் மாடலுக்கு, அல்லது அதே மாடலின் வேறு ரகத்துக்கு, கம்பெனி அங்கீகரித்த அளவுக்குள் இருங்கள். விபத்து என்று வந்தபின் காப்பீட்டு சர்வேயர் டயர் அளவைக் குறித்துக்கொண்டு கேள்வி கேட்கும் நிலையை நீங்களே வரவழைத்துக்கொள்ள வேண்டாம்.

265/60 ஆர்18 என்ற நடுவழி ஒன்று உண்டு. டொயோட்டா ஹைலக்ஸின் உயர் ரகத்தில் கம்பெனியே கொடுக்கும் அளவு இது. விட்டம் 775 மி.மீ.; உங்கள் டயரைவிட 12 மி.மீ. அதிகம், ஒன்றரை சதவீதத்துக்குச் சற்று மேல். இயந்திர ரீதியில் பெரிய தொல்லை தராது, கடைகளில் தேர்வும் அதிகம். ஆனால் அதற்கு ரிம் அகலம் குறைந்தது 7.5 அங்குலம் வேண்டும். உங்கள் ரிம்மின் உள்பக்கம் வார்த்திருக்கும் எண்ணைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். மேலே சொன்ன சட்டக் கேள்வியும் அப்படியே நிற்கிறது. 255/60இல் நல்ல டயர் கிடைக்கும்போது இதற்குப் போக எனக்குக் காரணம் தெரியவில்லை.

மாற்றித்தான் ஆக வேண்டும் என்று மனம் கேட்டால், எனக்குப் பிடித்த வழி வேறு: 17 அங்குல ரிம்மும் 255/65 ஆர்17 டயரும். விட்டத்தைக் கணக்கிட்டுப் பாருங்கள், அதே 763 மி.மீ. ஸ்பீடோமீட்டர், கியர், பிரேக் எதுவும் மாறாது. சைட்வால் மட்டும் 153லிருந்து 166 மி.மீ. ஆகிறது. ஜல்லியில் குலுக்கல் குறையும், குழியில் விழுந்தால் ரிம் வளையும் வாய்ப்பு குறையும், டயர் விலையும் பெரும்பாலும் குறைவு. பிரேக் காலிப்பருக்கும் ரிம்முக்கும் இடையில் இடைவெளி போதுமா, ரிம்மின் ஆஃப்செட் (சக்கரம் உள்ளே, வெளியே தள்ளி உட்காரும் அளவு) பொருந்துகிறதா என்று ஒரு சக்கரத்தை மாட்டிச் சுற்றிப் பார்த்துவிட்டு வாங்க வேண்டும். பெரிதாகத் தெரிய வேண்டும் என்ற ஆசை இல்லாதவர்களுக்கு இதைவிட நல்ல மாற்றம் கிடையாது.

எல்.டி. டயர் என்பது லைட் டிரக் வகை. 121/118 போல இரண்டு எண்கள் போட்டிருக்கும். சைட்வாலில் அடுக்கு கூடுதல், சில 80 பி.எஸ்.ஐ. வரை காற்று தாங்கும். பெட்டி நிறையச் சுமை ஏற்றிக் குவாரிக்கும் தோட்டத்துக்கும் தினமும் போகிறவருக்கு அது தேவை. உங்களுக்கு அது சுமை. ஒவ்வொரு சக்கரத்திலும் சில கிலோ எடை கூடும். ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்கும் எடை என்பதால், காலி வண்டியில் ஏற்கெனவே துள்ளும் பின்பக்கம் இன்னும் துள்ளும். இன்னொரு முக்கியமான செய்தி பலருக்குத் தெரியாது: அதே எடையைத் தாங்க எல்.டி. டயருக்குச் சாதாரண டயரைவிட அதிகக் காற்று வேண்டும். கதவு ஓரத்துப் பலகையில் இருக்கும் பி.எஸ்.ஐ. கம்பெனி டயருக்கானது. அதே அளவை எல்.டி.யில் அடித்தால் டயர் குறைந்த காற்றில் ஓடுகிறது, நெடுஞ்சாலையில் சூடேறும். சரி என்று கூட்டி அடித்தால் காலி வண்டியில் நடுப்பகுதி மட்டும் தரையைத் தொடும், ஈரப்பிடிப்பு இன்னும் குறையும். காலியாக ஓடும் பிக்-அப்புக்கு இரண்டுமே ஆகாது.

எல்.டி. அல்லாத ஆல்-டெரெய்னில் சுமைக் குறியீட்டை மட்டும் விட்டுவிடாதீர்கள். அளவுக்குப் பக்கத்தில் 112எஸ், 112டி என்று போட்டிருக்கும். 112 என்றால் ஒரு டயர் 1,120 கிலோ தாங்கும். 108 என்றால் 1,000 கிலோ. எழுத்து அதிகபட்ச வேகத்தைச் சொல்லும்: எஸ் என்பது மணிக்கு 180 கி.மீ., டி என்பது 190, எச் என்பது 210. கம்பெனி டயரில் இருக்கும் எண்ணுக்குக் குறைந்த சுமைக் குறியீட்டை எந்தக் காரணத்துக்காகவும் ஏற்காதீர்கள். வேக எழுத்தும் கம்பெனி எழுத்துக்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெயர்களுக்கு வருகிறேன். ஆல்-டெரெய்ன் என்றதும் பலர் மனதில் வருவது பிஎஃப் குட்ரிச். 1976இலேயே ரேடியல் ஆல்-டெரெய்னை விற்பனைக்குக் கொண்டுவந்த நிறுவனம். கல்லில் அதன் உறுதிக்கு ஈடு குறைவு. ஆனால் அந்த வரிசையில் பெரும்பாலானவை எல்.டி. கட்டமைப்பு, எடை அதிகம். உங்கள் ஓட்டத்துக்கு நான் அதை முதலில் வைக்க மாட்டேன். யோகஹாமா ஜியோலாண்டர் ஏ/டி ஜி015 தார்ச்சாலைப் பக்கம் சாய்ந்த டயர்: சைப் அடர்த்தி அதிகம், சத்தம் குறைவு. நான் மேலே சொன்ன அளவுகோலுக்கு மிக நெருங்கி வருவது இந்த வகைதான். இந்திய நிறுவனங்களில் அப்போலோ ஆப்டெரா ஏ.டி.2, சியட் கிராஸ்டிரைவ் ஏ.டி., ஜே.கே. ரேஞ்சர் ஏ.டி. ஆகியவை இருக்கின்றன, எம்.ஆர்.எஃப். வாண்டரர் வரிசையும் உண்டு. எல்லா மாடலும் எல்லா அளவிலும் வருவதில்லை. 2020 ஜூனில் மத்திய அரசு டயர் இறக்குமதியைத் தடையற்ற பட்டியலிலிருந்து கட்டுப்பாட்டுப் பட்டியலுக்கு மாற்றியது. அதிகம் விற்காத அளவுகளில் வெளிநாட்டு டயர் கிடைப்பது அதன்பின் சிரமமானது. ஆகவே ஒரு பெயரை மனதில் பூட்டிக்கொண்டு போகாமல், உங்கள் அளவில் உண்மையில் கடையில் இருப்பவற்றை வரிசையாக நிறுத்தச் சொல்லி, அந்த விசிட்டிங் கார்டோடு போங்கள். இரண்டு டயர்களுக்கு இடையில் தயங்கினால் சைப் அதிகமுள்ளதையும் எடை குறைவானதையும் எடுங்கள்.

கடையில் பார்க்க வேண்டிய இன்னொன்று தயாரித்த தேதி. சைட்வாலில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2325 என்றால் 2025ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். அதிகம் விற்காத அளவு என்பதால் கிடங்கில் இரண்டு வருடம் கிடந்த டயரை உங்கள் தலையில் கட்டப் பார்ப்பார்கள். ஓராண்டுக்குள் தயாரானதைக் கேளுங்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள்.

வாங்கினால் ஐந்தாக வாங்குங்கள். செலவு கூடுதல்தான், ஆனால் உங்கள் வண்டிக்கு இதில் ஆடம்பரம் இல்லை. நான்கு ஆல்-டெரெய்ன் போட்டுவிட்டு ஸ்டெப்னியில் பழைய ஹைவே டயரை வைத்திருந்தால், தோட்டப் பாதையில் ஒன்று கிழிந்து ஸ்டெப்னியை மாட்டியதும் விட்டம் வேறுபடும். புதிய டயரில் 11 மி.மீ. ட்ரெட், தேய்ந்ததில் 5 மி.மீ. என்றால் விட்டத்தில் 12 மி.மீ. வித்தியாசம். அந்த நிலையில் 4எச் போட்டால் முன்னே சொன்ன முறுக்கம் நேர்ச்சாலையிலேயே தொடங்கிவிடும். இரண்டு டயர் இப்போது, இரண்டு அடுத்த வருடம் என்று பிரித்து வாங்குவதும் இதே காரணத்தால் கூடாது. பணம் இடித்தால் விலை குறைந்த மாடலை ஐந்தாக வாங்குங்கள். விலை உயர்ந்ததை இரண்டாக வாங்காதீர்கள்.

சத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை. புது ஆல்-டெரெய்ன் 60 கி.மீ. வேகத்துக்கு மேல் மெல்லிய ரீங்காரம் கொடுக்கும், பழகிவிடும். பழகாதது, பத்தாயிரம் கி.மீ.க்குப் பிறகு எழும் ஊளை. அதற்குக் காரணம் பெரும்பாலும் டயர் அல்ல, அதை இடம் மாற்றாமல் ஓட்டியதுதான். உயரமான பட்டன்கள் சாய்வாகத் தேயும்: ஒரு விளிம்பு கூராகவும் மறு விளிம்பு மழுங்கியும். உள்ளங்கையை ட்ரெட் மேல் முன்னோக்கி ஒருமுறை, பின்னோக்கி ஒருமுறை தடவுங்கள். ஒரு திசையில் வழுவழுப்பாகவும் மறு திசையில் ரம்பம்போல் நெருடலாகவும் இருந்தால் தேய்மானம் தொடங்கிவிட்டது. எட்டாயிரம் கி.மீ.க்கு ஒருமுறை ஐந்து சக்கரத்தையும் சுழற்சியில் மாற்றுங்கள், அப்போதே அலைன்மென்ட்டும் பாருங்கள். ஊளை ஒருமுறை வந்துவிட்டால் இடம் மாற்றினாலும் முழுதாகப் போகாது. மைலேஜ் லிட்டருக்கு அரை முதல் ஒரு கி.மீ. வரை குறையும் என்று எதிர்பார்த்துக்கொள்ளுங்கள். அளவைக் கூட்டாமல் இருந்தால் அதற்கு மேல் போகாது.

காற்று விஷயத்தில் கதவு ஓரத்துப் பலகைதான் அதிகாரம். அதில் காலி வண்டிக்கு ஓர் அளவும் முழுச் சுமைக்கு ஓர் அளவும் இருந்தால் உங்கள் தினசரி ஓட்டத்துக்குக் காலி அளவை வையுங்கள். பிக்-அப் என்றதும் பின் டயரில் கண்ணை மூடிக்கொண்டு 40, 45 அடித்துவிடும் பழக்கம் பல காற்றடிக்கும் இடங்களில் இருக்கிறது. காலி வண்டியின் பின்பக்கம் மழையில் வழுக்க அதைவிடச் சுலபமான வழி இல்லை. காலையில் வண்டி ஓடும் முன் அளந்து பாருங்கள். வெயிலில் ஓடிவந்த டயரில் நான்கைந்து பி.எஸ்.ஐ. கூடுதலாகக் காட்டும், அதைக் குறைத்துவிட்டால் மறுநாள் காலை காற்று பற்றாமல் இருக்கும்.

சரியான அளவில் இருக்கிறதா என்று சோதிக்க ஒரு சாக்பீஸ் போதும். ட்ரெட்டின் குறுக்கே ஓரத்திலிருந்து ஓரம்வரை தடிமனாக ஒரு கோடு போட்டு, காய்ந்த நேர்ச்சாலையில் சில நூறு மீட்டர் மெதுவாக ஓட்டி நிறுத்திப் பாருங்கள். கோடு முழுவதும் ஒரே மாதிரி மங்கியிருந்தால் சரி. நடுவில் மட்டும் அழிந்திருந்தால் காற்று அதிகம்; ஓரங்களில் மட்டும் அழிந்திருந்தால் குறைவு. பெட்டி காலியாக ஒருமுறை, தோட்டத்துக்கு உரமூட்டை ஏற்றிப் போகும்போது ஒருமுறை செய்து இரண்டு எண்களையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பலகையில் சொன்னதற்குக் கீழே மட்டும் தார்ச்சாலையில் இறங்காதீர்கள். ஜல்லிப் பாதையில் நான்கைந்து பி.எஸ்.ஐ. குறைத்தால் குலுக்கலும் கல் வெட்டும் குறையும். தாருக்குத் திரும்பியதும் மறுபடி ஏற்ற, பேட்டரியில் ஓடும் சிறு கம்ப்ரஸர் ஒன்று சீட்டுக்கு அடியில் இருக்கட்டும்.

தேய்மான அடையாளம் 1.6 மி.மீ.யில் இருக்கிறது, சட்டமும் அதுவரை அனுமதிக்கிறது. காலியாக ஓடும் பிக்-அப்பில் அதுவரை காத்திருக்காதீர்கள். சைப் மறைந்த அன்றே மழைக்கு அந்த டயர் முடிந்துவிட்டது. பெரும்பாலான மாடல்களில் அது 4 மி.மீ. வாக்கில் நடக்கும். தென்மேற்குப் பருவம் தொடங்கும் முன் மே மாதக் கடைசியில் ஒருமுறை ஆழத்தை அளந்துவிடுங்கள். 4க்குக் கீழே போயிருந்தால் அந்த மழைக்கு முன்பே மாற்றுங்கள்.

புது டயர் மாட்டிய முதல் இருநூறு, முந்நூறு கி.மீ. வரை அவசரமாகப் பிரேக் பிடிக்கும்படி ஓட்டாதீர்கள். அச்சிலிருந்து எடுக்க உதவும் பூச்சு ட்ரெட் மேல் ஒட்டியிருக்கும், தேய்ந்து போகும்வரை பிடிப்பு குறைவு. கடையை விட்டு இறங்கும்முன் ஸ்டியரிங்கை இரு பக்கமும் கடைசிவரை திருப்பி, உரசல் இல்லை என்று கண்ணால் பார்த்துவிடுங்கள். நூறு கி.மீ. ஓடியதும் வீல் நட்டுகளை டார்க் ரெஞ்ச் வைத்து மறுபடி இறுக்கச் சொல்லுங்கள்.